விரைவில் அனுமதிக்கப்படுவீர்கள்

மடிக்கணினித் திரையின் நடுவில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதற்குக் கீழே 'விரைவில் அனுமதிக்கப்படுவீர்கள்' என்று எழுதியிருந்தது. சுகந்தி அதைப் படிப்பதை நிறுத்தி வெகுநேரமாகியும் கண் அதன்மேலேயே போய்ப் போய் உட்கார்ந்தது, விரட்ட விரட்ட வரும் ஈ மாதிரி. மின்விசிறியை அணைத்திருந்தாள். அது கடகடவென்று சத்தம் போடும், முன்பு ஒருமுறை இன்டர்வியூ எடுத்த பெண், பின்னாடி மில் ஏதாவது ஓடுதா மேடம் என்று கேட்டுவிட்டாள், அதோடு அந்த வேலை போயிற்று. அதனால்தான் போயிற்றா என்று தெரியாது, எதனால் போகிறது என்று எவனும் சொல்வதில்லை, சொன்னால் அதையாவது திருத்திக்கொள்ளலாம். இடுப்புக்கு மேலே இஸ்திரி போட்ட நீல டாப்ஸ், கீழே வீட்டுப் பாவாடை. திருச்சி வெயில் ஜன்னல் திரையைத் தாண்டி முழங்கால்வரை வந்துவிட்டது. காலை நகர்த்தினால் நாற்காலி கிறீச்சிடும், கிறீச்சிட்டால் அந்தப் பக்கம் கேட்குமோ? இன்னும் உள்ளேயே விடவில்லை, எப்படிக் கேட்கும், ஆனாலும் நகர்த்தவில்லை. உள்ளே விடாமலே அவர்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? மிருதுளாவிடம் கேட்டால் சிரிப்பாள், அம்மா நீ ஒண்ணு என்பாள், பெங்களூரு ஹாஸ்டலில் உட்கார்ந்து சிரிப்பது சுலபம். வட்டம் ஒருமுறை நின்றது, மறுபடி சுற்றியது. நின்ற அந்தக் கணத்தில் தன் மூச்சும் நின்றதைக் கவனித்தாள், மூச்சை இவர்கள் கையில் எப்போது கொடுத்தோம் என்று நினைத்தாள்.

கம்பெனி மூடி பதினோரு மாதம். மூடி என்றுகூடச் சொல்ல முடியாது, அது நன்றாகத்தான் ஓடுகிறது, வேறு ஊரில், வேறு ஆட்களோடு. காப்பீட்டு வாடிக்கையாளர்களின் புகாரைக் கேட்கும் வேலை, கத்துகிறவர்களைச் சாந்தப்படுத்தும் வேலை. உங்க குரல்ல ஒரு தணிவு இருக்கு மேடம் என்று மேலாளரே சொல்லியிருக்கிறார். அந்தத் தணிவை இப்போது யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? வேலை தேடும் தளத்தில் பதிவு செய்யவே ஒரு பகல் ஆனது. முதலில் நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள் என்றது. கட்டம் கட்டமாகப் படம் போட்டு, சாலை விளக்கு இருக்கும் கட்டங்களை எல்லாம் தொடு என்றது. தொட்டாள். விளக்கின் கம்பம் மட்டும் நீண்டு பக்கத்துக் கட்டத்துக்குள் போயிருந்தது, கம்பமும் விளக்குதானா? தொட்டால் தப்பு என்றது, தொடாவிட்டாலும் தப்பு என்றது. அன்றைக்குக் கையை மேசையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள், நாற்பத்தேழு வயசு வரை மனுஷியாக இருந்து என்ன பிரயோஜனம். அப்புறம் கடவுச்சொல். பெரிய எழுத்து வேண்டும், எண் வேண்டும், ஒரு குறி வேண்டும், பழையதாக இருக்கக் கூடாது. யோசித்து யோசித்து வைத்ததை அடுத்த நாள் மறந்தாள், மறந்தேன் என்று சொன்னால் ஓடிபி வரும், அது வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். கேட்டபோது வராது, கேட்காதபோது வரும். இன்று காலை இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோதுகூட ஒன்று வந்தது, இதை யாரிடமும் பகிர வேண்டாம் என்று. கேட்டவர் யார்? எங்கோ ஒருவர் அவள் பெயரைச் சொல்லி ஒரு கதவைத் தட்டியிருக்கிறார், சாவி மட்டும் அவள் கைக்கு வந்திருக்கிறது. கணவர் லோகநாதன் பல் துலக்கியபடி, அதை விடு, எல்லாருக்கும் வருது என்றார். எல்லாருக்கும் வருகிறது என்றால் பயம் குறைய வேண்டும். அது ஏன் கூடுகிறது?

மேசைமேல் செல்போன் அதிர்ந்தது. அதே எண். காலையிலிருந்து எத்தனையோ தரம் வந்துவிட்டது, பெயரில்லாத எண். வீட்டு இணையம் நேற்றே போய்விட்டதால் செல்போனின் இணையத்தில்தான் மடிக்கணினி ஓடுகிறது. அழைப்பை எடுத்தால் இணைப்பு அறுந்துவிடும், வட்டம் நின்றுவிடும், மறுபடி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும் என்ற பயத்தில் துண்டித்தாள். யாராக இருக்கும்? வங்கிக்காரன் குரலில் பேசுகிறவனாக இருக்கும். மேல்வீட்டு சாரதாம்மாவை அப்படித்தான் ஒருவன் ஒரு மணிநேரம் நகரவிடாமல் உட்காரவைத்தான், உங்க கார்டு முடங்கப்போகுது என்று. அந்த அம்மாள் இப்போதெல்லாம் மணி அடித்தாலே போனைத் தலையணைக்குக் கீழே வைத்து அமுக்குகிறாள், குழந்தை வாயைப் பொத்துவது மாதிரி. போன் மறுபடி அதிர்ந்தது. துண்டித்தாள். இந்தத் தடவை வேலை நல்ல வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம், மேற்பார்வைப் பொறுப்பு, வயது ஒரு தடை இல்லை என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தான். போன மாதம்கூட இப்படித்தான் நல்ல வேலை ஒன்று. அதற்கு முதல் சுற்றே காணொளித் தேர்வு. எதிரே ஆள் கிடையாது, திரையில் அவள் முகம்தான். முகத்தை இடதுபக்கம் திருப்புங்கள், வலதுபக்கம் திருப்புங்கள், கண்ணைச் சிமிட்டுங்கள் என்று எழுத்து வந்தது. பிறகு பக்கம் பக்கமாக வாசிக்கச் சொன்னது. மழையைப் பற்றி, வங்கிக் கணக்கைப் பற்றி, ஒரு நரியைப் பற்றி. இதைக் கோபமாக வாசியுங்கள். இதை வருத்தமாக. இதை, ஒருவருக்கு நல்ல சேதி சொல்வது போல மகிழ்ச்சியாக. அந்த இடத்தில் அவள் நடிக்கவில்லை. கூடத்தில் லோகநாதனிடம் எனக்கு வேலை கிடைச்சிருச்சு என்று சொல்லப்போகும் சாயங்காலத்தை நினைத்துக்கொண்டாள், குரல் தானாக மலர்ந்தது, தன் பல்லைத் திரையில் பார்த்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. நன்றி, தொடர்புகொள்கிறோம் என்று வந்தது. தொடர்புகொள்ளவில்லை. போனது போகட்டும், அந்தச் சிரிப்பாவது மிச்சமாகியிருக்கலாம் என்று பிற்பாடு ஒருநாள் பாத்திரம் தேய்க்கும்போது தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியவில்லை, அதற்கப்புறம் அவ்வளவு சிரித்ததாக நினைவு இல்லை. போன் அதிர்ந்தது. துண்டிக்கப் போன விரல் வழுக்கியதா, இல்லை, போதும் என்று அதுவே முடிவெடுத்ததா, பச்சைப் பக்கம் நகர்ந்துவிட்டது. வட்டம் நிற்கவில்லை. சுற்றிக்கொண்டேதான் இருந்தது. இவ்வளவு நேரம் பயந்தது வீண் பயம்.

அந்தப் பக்கம் ஒரு பெண். "மேடம், நான் எஸ்தர் பேசுதேன், தூத்துக்குடியிலருந்து. வச்சிராதீங்க மேடம். ஒரு நிமிஷம் கேட்டுட்டு வச்சிருங்க." பின்னால் கைக்குழந்தை சிணுங்கியது. பேசினால் குரலைப் பிடித்துக்கொள்வார்கள் என்று சுகந்தி எங்கோ படித்திருந்தாள். அந்தப் பெண், கோபத்தை வெகுநேரமாக ஒத்திகை பார்த்துவிட்டு இப்போது அது வராமல் தவிக்கிற மாதிரிக் கேட்டாள், "நீங்கதான மேடம் போன வாரம் என்னைய இன்டர்வியூ எடுத்தீங்க?"

"இல்லம்மா," என்றாள் சுகந்தி. "நானே இன்டர்வியூவுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன்."

சொன்னதும் அது ஒரு வேடிக்கைப் பேச்சு மாதிரி அறையில் நின்றது, இரண்டு பேரும் சிரிக்கவில்லை. எஸ்தர் சொல்லத் தொடங்கினாள், விட்டு விட்டு, குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு. வீட்டிலிருந்து பார்க்கிற வேலை, அரை மணிநேர இன்டர்வியூ, எடுத்த மேடம் அவ்வளவு நல்ல மாதிரி, பிள்ளை அழுதபோது போய்ப் பால் கொடுத்துட்டு வாம்மா, நான் இருக்கேன் என்றார்களாம். கடைசியில், உங்களைத் தேர்ந்தெடுத்துட்டோம், சம்பளக் கணக்கைச் சரிபார்க்க உங்க போன்ல ஒரு கோரிக்கை வரும், ரகசிய எண்ணைப் போடுங்க, எங்க பணம் உங்களுக்கு வந்து விழும் என்றார்களாம். போட்டாள். வரவில்லை, போயிற்று. கப்பலில் இருக்கும் புருஷன் அனுப்பியதெல்லாம் போயிற்று. அவனுக்கு இன்னும் சொல்லவில்லை. அதன்பின் தூங்காமல் அந்த வேலைத் தளத்தையே துழாவியிருக்கிறாள், இந்த வேலைக்கு விண்ணப்பித்த மற்றவர்கள் என்று வரிசையாகப் படம் வந்ததாம், அதில் ஒரு படத்தில் அந்த மேடமே சிரித்துக்கொண்டிருந்தார்களாம், பெயர் மட்டும் வேறு, சுகந்தி லோகநாதன், திருச்சி. விண்ணப்பத்திலேயே எண் இருந்ததாம். "அன்னைக்கு ஸ்கிரீனைப் படம் புடிச்சு வச்சிருந்தேன் மேடம். வீட்டுக்காரருக்குக் காட்டலாம்னு. அனுப்புதேன், பாருங்க."

படம் வந்தது. முதலில் பயம் வரவில்லை. முதலில் வந்தது பொறாமை, அதை அவள் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை. பின்னால் கண்ணாடிச் சுவர், ஒரு தொட்டிச்செடி, ஜன்னலுக்கு வெளியே வேறு கட்டடங்களின் உச்சி. அவள் வாழ்நாளில் வாங்காத சாம்பல் நிறக் கோட்டு. அதன்மேல் அவள் முகம். கீழே வந்தனா, மனிதவள மேலாளர் என்று பெயர். கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லை. கன்னத்து மரு இருந்தது, அதை எடுக்கவில்லை, அந்த மரு அங்கே அந்தஸ்தாகக்கூட இருந்தது. வாய் பாதி திறந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. என்ன சொல்கிறாள்? தன் வாய் என்ன சொல்கிறது என்று தனக்குத் தெரியாமல் அந்த உதட்டையே பார்த்தாள். தெரியாமல் தன் உதட்டை அதே மாதிரிக் குவித்துப் பார்த்தாள், உடனே கையால் மூடிக்கொண்டாள். அப்போதுதான் பயம் வந்தது, கழுத்துக்குப் பின்னால் இருந்து, ஈரத் துணி மாதிரி. இடதுபக்கம் திருப்புங்கள். வலதுபக்கம் திருப்புங்கள். நாம் பாத்திரம் தேய்க்கும்போது அது வேலை பார்த்திருக்கிறது. தூங்கும்போது பார்த்திருக்கிறது. பதினோரு மாதமாக நான் தேடுகிறேன், அதற்கு ஒரே நாளில் கிடைத்துவிட்டது. இந்த நிமிஷம் எங்கே இருக்கிறது, யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறது? எந்த ஊரில் எந்தப் பெண் இஸ்திரி போட்ட டாப்ஸோடு அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்? எதிரே மடிக்கணினியின் உச்சியில் கேமரா ஒரு கடுகளவு கறுப்பாக இருந்தது. சுகந்தி நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை உரித்து அதன்மேல் ஒட்டினாள். கட்டைவிரலால் அழுத்தினாள். வெறும் நெற்றியில் காற்றுப் பட்டது, காற்றே இல்லாத அறையில்.

எஸ்தர் இன்னும் இணைப்பில் இருந்தாள். நான் இல்லைம்மா என்று சுகந்தி சொன்னாள், அதை நிரூபிக்க ஒரு வழியும் தோன்றவில்லை, கம்பமும் விளக்குதானா என்று யோசித்த அதே திகைப்பு. அந்தக் காணொளித் தேர்வைப் பற்றிச் சொன்னாள், நரி, மழை, எல்லாவற்றையும். எஸ்தர் நம்ப விரும்பினாள், நம்பினால் பணம் திரும்பும் என்ற கடைசி நூலும் அறுந்துவிடுமே என்பதும் அவள் மூச்சில் தெரிந்தது. "எனக்காக ஒண்ணு மட்டும் செய்யுங்க," என்றாள். "அன்னைக்குச் சொன்னதை ஒருதடவை சொல்லுங்க. எஸ்தர், உங்களைத் தேர்ந்தெடுத்துட்டோம்னு. எனக்குக் குரல் தெரியும்."

சுகந்தி தொண்டையைச் செருமினாள். எத்தனை ராத்திரி இந்த வாக்கியத்தை வேறு ஒருவர் வாயிலிருந்து கேட்கக் காத்திருந்தாள், அது இப்போது தன் வாய்க்கு வந்திருக்கிறது. சொன்னாள். எஸ்தர், உங்களைத் தேர்ந்தெடுத்துட்டோம். குரல் வறண்டு வந்தது, நடுவில் ஒரு இடத்தில் உடைந்தது.

"இல்ல," என்றாள் எஸ்தர். "நீங்க இல்ல. அவங்க சந்தோஷமாச் சொன்னாங்க."

அந்தச் சொல் எங்கே போய்க் குத்தியது என்று சுகந்திக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஒரு சந்தோஷம் அவளுடையதுதான். லோகநாதனிடம் சொல்லவென்று வைத்திருந்தது, எஸ்தருக்குப் போயிருக்கிறது. வாய் திறந்து அதைச் சொல்வதற்குள் மடிக்கணினி மணியடித்தது. வட்டத்தைக் காணோம். திரை முழுக்க ஒரு இளைஞன், ஒட்ட வெட்டிய முடி, இடது புருவத்தில் சின்ன வெட்டுத் தழும்பு, காதில் ஹெட்போன். வணக்கம் மேடம், தாமதத்துக்கு மன்னிக்கணும் என்றான். பெயர் நிதின் என்றான். நல்ல முகம், பார்த்தால் சோறு போடத் தோன்றும் முகம். அவள் செல்போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "உங்க வீடியோ இருட்டா இருக்கு மேடம். கேமராவைக் கொஞ்சம் பாருங்க. முதல்ல அடையாளச் சரிபார்ப்பு, ரெண்டு நிமிஷ வேலைதான், முகத்தை அப்படி இப்படித் திருப்பினாப் போதும்." வேலை. பதினோரு மாதம். எல்லாரும் திருடர்களாக இருக்க முடியாதே, உண்மையான கம்பெனிக்காரனும் இதையேதான் கேட்பான், வேறு எப்படிக் கேட்பான்? மிருதுளாவின் ஹாஸ்டல், லோகநாதனின் கடையில் முன்பு மாதிரி ஓட்டமில்லை, கேட்டால் வாயைத் திறக்க மாட்டார். போன முகம் போய்விட்டது, இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது? விரல் பொட்டை நோக்கிப் போயிற்று. நகம் அதன் விளிம்பைத் தொட்டது, ஒரு ஓரம் தூக்கிக்கொண்டது. அப்போது அந்தப் பையன் தும்மினான்.

தும்மல் யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அவன் கை மூக்குக்குப் போயிற்று. கை போன இடத்தில் முகம் இல்லை. கன்னம் நனைந்த தாள் மாதிரி ஒருபக்கமாக இழுபட்டது, அடியில் வேறொரு கன்னம் தெரிந்தது. நரைத்த முள்தாடி, தடித்த மோவாய், ஐம்பது வயதுக்குக் குறையாத ஒரு ஆள். ஒரு கண் பையனுடையதாகவும் மற்றது அந்த ஆளுடையதாகவும் அவளைப் பார்த்தன. கை இறங்கியது, முகம் வந்து மூடிக்கொண்டது. நல்ல முகம். புருவத் தழும்பு. புன்னகை. சுகந்தியின் வாய் அதற்குள் பழக்கத்தில் சொல்லிவிட்டிருந்தது, மிருதுளா சின்னதில் தும்மும்போதெல்லாம் சொன்ன மாதிரி, "நூறு."

"என்ன மேடம்?" என்றான் அவன்.

ஓரம் தூக்கியிருந்த பொட்டை அழுத்தி ஒட்டினாள், மடிக்கணினியை மூடினாள். மூடிய பின்னும் கையை அதன்மேலேயே வைத்திருந்தாள், அது சூடாக, உயிருள்ள ஒன்றின் முதுகு மாதிரி இருந்தது. அந்த நூறு ஆயுசு யாருக்குப் போய்ச் சேரும்? தும்மியது ஒருவன். முகம் வேறொருவனுடையது. அந்தப் பையன் இப்போது எங்கோ ஓர் ஊரில் நன்றாக இருக்கிறான், தும்மக்கூட இல்லை. மின்விசிறியைப் போட்டாள், அது கடகடத்தது, கடகடக்கட்டும். மடியிலிருந்த போனில் எஸ்தர், 'அக்கா, அக்கா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எப்போது மேடம் அக்கா ஆனாள் என்று இருவரும் கவனிக்கவில்லை. நடந்ததைச் சொன்னபோது எஸ்தர் குழந்தையைக் கீழே விட்டாள் போலிருக்கிறது, அது தரையைத் தட்டும் சத்தம் கேட்டது. முதலில் புகார் கொடுத்தார்கள். சைபர் குற்றப் பிரிவுக்கு இரண்டு பேரும் தனித்தனியாகப் போன் போட்டு, ஒருவருக்கொருவர் என்ன சொன்னார்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். எஸ்தரின் பணத்தை நிறுத்திவைக்கப் பார்க்கிறோம் என்றார்களாம், வரும் என்று சொல்லவில்லை. புருஷனிடம் இன்றைக்கே சொல்லிவிடு என்றாள் சுகந்தி. அப்புறம் போய்ப் படுத்திருக்கலாம். படுக்க முடியவில்லை, கண்ணை மூடினால் அந்த முகம் மூடிய வேகம் வந்தது, ஒரு சுருக்கம் கூட இல்லாமல். உங்க முகத்தை எங்கே எடுத்தார்களோ அங்கேதான் அந்தப் பையன் முகத்தையும் எடுத்திருப்பார்கள் என்று எஸ்தர்தான் சொன்னாள். செல்போனிலேயே அந்தத் தளத்தைத் திறந்தார்கள், அங்கே ஒருத்தி, இங்கே ஒருத்தி. இந்த வேலைக்கு விண்ணப்பித்த மற்றவர்கள். விரல் தள்ளத் தள்ள முகங்கள் வந்தன. எல்லாம் சுத்தமாகக் கழுவியவை, தலை வாரியவை, வெள்ளைச் சுவரின் முன்னால் ஒரே சிரிப்பைச் சிரிப்பவை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் சிரிம்மா, சிரிடா என்று சொல்லிப் பிடித்த படம். இவற்றில் எது வீட்டில் இருக்கிறது, எது வேலைக்குப் போயிருக்கிறது? வெயில் முழங்காலை விட்டு இறங்கிச் சுவருக்குப் போயிற்று, சுவரையும் விட்டுப் போயிற்று. லோகநாதன் வந்து விளக்கைப் போட்டார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே டீ போடப் போனார். எஸ்தர்தான் கண்டுபிடித்தாள். புருவத்தில் வெட்டு இருக்கு அக்கா, இதுவா பாருங்க. அதுதான். முகிலரசன், பெரம்பலூர், பட்டயப் படிப்பு, உடனே சேரத் தயார்.

அவன் எண்ணுக்குச் சுகந்தியே போன் போட்டாள். ஒரே மணியில் எடுத்தான். அந்தக் குரல் வேறு, பகலில் கேட்டதைவிட மெலிசு, நகம் கடிக்கிறவனுடைய குரல். வணக்கம், முகிலரசன் பேசறேன் என்று ஒப்பித்துவிட்டு, பின்னால் ஓடிய டிவியைக் குறைக்கச் சொல்லி யாருக்கோ கிசுகிசுத்தான். தம்பி, போன மாசம் ஒரு கம்பெனிக்குக் காணொளித் தேர்வு எழுதினீங்களா, முகத்தைத் திருப்பச் சொல்லி, நரிக் கதை வாசிக்கச் சொல்லி என்று கேட்டாள்.

"ஆமா மேடம். ஆமா," என்றான். குரல் மேலே ஏறியது. "செலக்ட் ஆயிட்டனா மேடம்?"

சமையலறையில் லோகநாதன் டீயை ஆற்றும் சத்தம் கேட்டது, உயரத்திலிருந்து விழுந்து, மறுபடி உயரத்திலிருந்து. "தம்பி," என்றாள் சுகந்தி, "பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"அம்மா இருக்காங்க மேடம்," என்றான் அவன். போனைக் காதிலிருந்து எடுக்காமலே, வீடு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கூப்பிட்டான், "அம்மா, இங்க வாயேன், சீக்கிரம்."